வெள்ளைப் பொடிக்கும் ஒரு கடைமடை உண்டு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டினதும் ஒரு வேலை பண்ணுங்க. கெமிக்கல், பயோடெக், சிவில், சில சமயம் மெக்கானிக்கல் என்று எல்லா டிபார்ட்மென்ட் லிஸ்ட்டையும் பாருங்க. 'டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் தயாரிப்பும் அதன் பயன்பாடும்' என்கிற மாதிரித் தலைப்பு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் ஒரு கை விரல் பத்தாது.

செய்முறை எல்லாருக்கும் ஒண்ணுதான். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடுன்னு ஒரு பாட்டில் வாங்குவோம். விலையைப் பார்த்ததும் டீம்ல இருக்கிற நாலு பேரும் ஜி-பே பண்ணிப் பங்கு போட்டுக்குவோம். ஆல்கஹால்ல கலந்து, ஸ்டிரர்ல சுத்த விட்டு, தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா பால் மாதிரி வெளுக்கும். வடிகட்டி, காய வச்சு, ஃபர்னஸ்ல 450 டிகிரியில ரெண்டு மணி நேரம். எக்ஸ்.ஆர்.டி.க்கு அனுப்பினா 25 டிகிரி பக்கத்துல ஒரு பீக் நிக்கும். 'அனடேஸ் வந்துருச்சு!' அப்புறம் மெத்திலீன் ப்ளூ கரைசல்ல போட்டு, விளக்குக்கு அடியில வச்சு, நீலம் போயிடுச்சுன்னு ஒரு கிராஃப். கடைசி ஸ்லைடுல 'திருப்பூர் சாயக் கழிவுக்குத் தீர்வு'ன்னு ஒரு வரி. வைவா முடிஞ்சது, பஜ்ஜி சாப்பிடப் போயாச்சு.

இந்த ப்ராஜெக்ட்ல, டைட்டானியத்தை நீராற்பகுப்பு செய்து வெள்ளைப் பொடி எடுக்கிற தொழிலோட உண்மையான கஷ்டங்கள் ரெண்டு இருக்கு. அந்த ரெண்டையும் கவனமா வெட்டி எடுத்துட்டுத்தான் நமக்குக் கையில கொடுக்கிறாங்க என்பது என் கருத்து. ஒண்ணு, துகள் எப்படிப் பிறக்குதுங்கிற கேள்வி. இன்னொண்ணு, பொடி வந்த பிறகு மிச்சம் இருக்கிற தண்ணி எங்கே போகுதுங்கிற கேள்வி. இந்த ரெண்டையும் திரும்ப உள்ளே கொண்டு வரணும். இல்லைன்னா தலைப்பை மாத்திடலாம்.

அதுக்கு முன்னாடி, இந்தப் பொடிக்கு ஏன் இவ்வளவு மவுசு? என் ஊர் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ உங்க தாத்தா பாட்டியைக் கூட்டிக்கிட்டு நீங்களே வந்திருப்பீங்க. எங்க பக்கத்துல பொங்கலுக்கு முன்னாடி வீட்டுச் சுவத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் இருந்தது. அடிச்சவங்களுக்குத் தெரியும்: ஈரமா இருக்கும்போது சுவரு மங்கலா, பழைய கறையெல்லாம் தெரியுற மாதிரி இருக்கும். 'என்னப்பா, சுண்ணாம்பு தண்ணியா இருக்கே'ன்னு வீட்ல திட்டு விழும். காய்ஞ்சதும் பளிச்சுன்னு வெளுத்துடும். காரணம் ஒளிவிலகல் எண். சுண்ணாம்புக்குச் சுமார் 1.6, தண்ணிக்கு 1.33, காத்துக்கு 1. ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெளிச்சம் சிதறும், அவ்வளவு வெள்ளையா தெரியும். சுண்ணாம்பைத் தண்ணிக்குப் பதிலா எண்ணெயில குழைச்சா அந்த வித்தியாசம் இன்னும் குறைஞ்சு, காய்ஞ்ச பிறகும் பளிச்சுன்னு வராது. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அந்த எண் அனடேஸ் வடிவத்துல 2.5, ரூட்டைல் வடிவத்துல 2.7. எண்ணெயோ, பிளாஸ்டிக்கோ, எதுக்குள்ள போட்டாலும் வெள்ளை வெள்ளைதான். இன்னிக்கு எங்க தெருவுல இருக்கிற லாட்ஜ் சுவர்கள், கல்யாண மண்டபத்து எமல்ஷன், பிளாஸ்டிக் சேர், டூத் பேஸ்ட், மாத்திரை மேல் பூச்சு எல்லாத்துலயும் இருக்கிறது இதுதான்.

ஆனா ஒரு நிபந்தனை. துகளோட அளவு சுமார் 0.2 மைக்ரான் இருக்கணும். அதாவது ஒளியோட அலைநீளத்துல ஏறக்குறையப் பாதி. அதைவிடப் பெருசானா வெள்ளை மங்கும். ரொம்பச் சின்னதானா ஒளி ஊடுருவிப் போயிடும். நம்ம 'நானோ' பொடியை வச்சு ஒரு சுவரைக்கூட ஒழுங்கா மறைக்க முடியாது. எல்லாருக்கும் தெரிஞ்ச வேதிப்பொருளா இருந்தும் இதைச் செய்யத் தெரிஞ்ச ஆள் குறைவா இருக்கக் காரணம் இந்த நிபந்தனைதான். விஷயம் சமன்பாட்டுல இல்லை, துகள்ல இருக்கு.

இப்ப தொழிற்சாலைக்குள்ள போவோம். நம்ம கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறது திருவனந்தபுரம் கொச்சுவேளியில டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ். சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானா இருந்த காலத்துல, 1946ல தொடங்கப்பட்ட நிறுவனம். 1951ல இருந்து உற்பத்தி. கந்தக அமில முறையில அனடேஸ் எடுக்கிறாங்க. மூலப்பொருள் இல்மனைட்: இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கறுப்பு மணல். இந்த மணலுக்கு நம்ம கரையில ஒரு கதை உண்டு. 1909ல ஷோம்பர்க்ங்கிற ஜெர்மானியர், திருவிதாங்கூர்ல இருந்து ஏற்றுமதியான கயிற்றுல ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதுல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். மணல் வந்த இடம் மணவாளக்குறிச்சி, இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அப்ப தேடினது மோனசைட்டை. கேஸ் விளக்கு மேன்டிலுக்கு அதுல இருக்கிற தோரியம் வேணும். கூட வந்த இல்மனைட்டை யாரும் சீந்தலை. வெள்ளைப் பெயிண்டுக்கு இது ஆகும்னு தெரிஞ்ச பிறகுதான் நிலைமை மாறுச்சு. 1930கள்ல உலகத்துக்கு இல்மனைட் அனுப்புறதுல திருவிதாங்கூர் கரைதான் முன்னணி. மணல் போச்சு, வெள்ளைப் பொடி திரும்பி வந்தது. இன்னிக்கும் ரொம்ப மாறலை. நாம பயன்படுத்துற டைட்டானியம் டை ஆக்சைடுல பெரும்பகுதி இறக்குமதி, அதுலயும் முன்னணியில சீனா. அங்கே பெரும்பாலும் இதே கந்தக அமில முறைதான். அதனால 'பழைய டெக்னாலஜி சார்'னு ஒதுக்கவும் முடியாது.

(கொல்லம் பக்கத்துச் சவறாவுல கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் 1984ல இருந்து குளோரைடு முறையில ரூட்டைல் எடுக்குது. அங்கே டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவியை ஆக்சிஜன்ல எரிக்கிறாங்க. நீராற்பகுப்பே கிடையாது. அதனால அது இந்தக் கட்டுரையில வராது. சவறாக்காரங்க கோச்சுக்க வேண்டாம்.)

கந்தக அமில முறை பார்க்க எளிமை. மணலை மாவா அரைச்சு, அடர் கந்தக அமிலத்துல போட்டுச் சூடாக்கினா, ஒரு கட்டத்துல தானாவே பொங்கி, இறுகின கேக் மாதிரி ஆயிடும். அதைத் தண்ணியில கரைச்சா, இரும்பும் டைட்டானியமும் ஒண்ணாக் கலந்த கரைசல். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம் இருக்கு. மூணு எலக்ட்ரான் இழந்த இரும்பு அப்படியே இருந்தா, பின்னால வெள்ளைப் பொடியோட ஒட்டிக்கிட்டு மஞ்சளாக்கிடும். ரெண்டு எலக்ட்ரான் இழந்த இரும்புக்கு அந்தக் குணம் இல்லை. சமத்தாக் கரைசல்லயே இருக்கும். அதனால பழைய இரும்பை உள்ளே போட்டு, முதல் வகையை ரெண்டாம் வகையா மாத்துறாங்க. எப்ப நிறுத்தணும்? இரும்பு முழுசும் மாறி முடிஞ்ச பிறகுதான் டைட்டானியம் மாறத் தொடங்கும். மாறின டைட்டானியத்துக்கு ஊதா நிறம். கரைசல்ல ஊதா தெரிஞ்சா இரும்பு வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். கொஞ்சம் ஊதாவை வேணும்னே விட்டு வைப்பாங்க. காத்துப் பட்டா முதல்ல அந்த ஊதாதான் ஆக்சிஜனை வாங்கிக்கும், இரும்பு தப்பிச்சுக்கும். சென்சார் இல்லாத காலத்துலயே காவலுக்கு ஆள் போட்ட கணக்கு.

அடுத்து கரைசலைக் குளிர வச்சா இரும்புல பெரும்பகுதி பச்சைப் படிகமா இறங்கிடும். இதுக்கு ஃபெரஸ் சல்பேட்டுன்னு பேர் சொன்னாத்தான் நமக்குத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில கேட்டா அன்னபேதி.

மிச்சம் இருக்கிற டைட்டானியக் கரைசலை என்ன பண்ணணும்? கொதிக்க வைக்கணும். அவ்வளவுதான். காரம் சேர்க்கத் தேவையில்லை. நல்ல ஆசிட்டுக்குள்ளேயே, மணிக்கணக்கா கொதிக்கிற சூட்டுல, டைட்டானியம் தண்ணி மூலக்கூறைப் பிச்சு ஆக்சைடா இறங்கும். அதோட மின்சுமை அதிகம், உருவம் சின்னது. அதனால தண்ணியை விடாது.

'அவ்வளவுதான்'னு சொன்னேன் இல்லையா, அங்கேதான் எல்லாமே இருக்கு. சும்மா கொதிக்க வச்சா துகள் இஷ்டத்துக்குப் பிறக்கும். சிலது பெருசு, சிலது பொடிசு, சிலது வடிகட்டவே முடியாத கூழ். பாலைக் காய்ச்சி அப்படியே வச்சா திரிஞ்சு போகலாம், கெட்டுப் போகலாம். ஒரு ஸ்பூன் உறைமோர் விட்டாத்தான் தயிர். இங்கேயும் உறை ஊத்தணும். ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் ஆளோட பேர்ல வழங்குது. மெக்லன்பர்க் முறையில விதைத் துகளைத் தனியா தயார் பண்ணி, கொதிக்கப் போற கரைசல்ல கலப்பாங்க. புளூமன்ஃபெல்டு முறையில சுடச்சுட இருக்கிற தண்ணிக்குள்ள கரைசலைக் கணக்கா ஊத்துவாங்க. முதல்ல விழுகிறது தண்ணி அதிகமா இருக்கிறதால உடனே விதையாகும், பின்னால வர்றது அந்த விதை மேலேயே வளரும். ரெண்டும் நூறு வருஷத்துக்குப் பக்கமான சரக்கு. கொதிக்கும்போது ஒரு கட்டத்துல தெளிஞ்ச கரைசல் சட்டுன்னு சாம்பல் பூத்த மாதிரி மாறும். அந்த நேரத்துல சூட்டைக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் தொடருவாங்க. அதைக் கண்ணால பார்த்துச் சொல்ற ஆளுக்கு அனுபவம்தான் டிகிரி. எத்தனை விதை, எப்ப சேர்த்தோம், எவ்வளவு வேகமா சூடேத்தினோம் என்பதை வச்சுத்தான் பின்னால சூளையில 800, 900 டிகிரியில வெந்து வர்ற பொடி 0.2 மைக்ரானா நிக்குமா, இல்லை சுவத்துல மங்கலா தெரியுமான்னு முடிவாகும்.

இன்னொரு விஷயம். அந்தத் தொட்டியில முதல்ல பிறக்கிற படிகங்கள் சில நானோமீட்டர் அளவுதான். அதாவது 'நானோ டெக்னாலஜி'ன்னு நாம போஸ்டர் போடுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, கொச்சுவேளியில வேட்டியை மடிச்சுக் கட்டின தொழிலாளிகள் டன் கணக்குல நானோ படிகத்தை வடிகட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. பேர் மட்டும் வைக்கலை.

நம்ம பாட்டில் முறைக்கு வருவோம். ஐசோபுரொப்பாக்சைடு தண்ணியைப் பார்த்ததும் பாயும். விதை போட நேரமே இருக்காது. பிறப்பைக் கட்டுப்படுத்துற கலை முழுசும் 'சொட்டுச் சொட்டா விடவும்'ங்கிற ஒரு வரியில முடிஞ்சு போகுது. கணக்கும் கொஞ்சம் பாருங்க. 80 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு வர்றதுக்கு 284 கிராம் ஐசோபுரொப்பாக்சைடு வேணும். 240 கிராம் ஐசோபுரொப்பனால் வெளியேறும். 1 கிலோ பொடிக்கு 3 கிலோ ஆல்கஹால். எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயாவது இந்த 3 கிலோவைப் பார்த்திருக்கீங்களா? ஒரு காலேஜ் லேப்ல வடிநீரை என்ன பண்ணணும்னு கேட்ட டீமுக்குக் கிடைச்ச பதில்: 'டேப்பை நல்லா திறந்து விட்டு சிங்க்ல ஊத்துங்க.'

இங்கேதான் எங்க ஊர்ப் பேச்சு ஒண்ணு உதவும். டெல்டாவுல கடைமடைன்னு ஒரு வார்த்தை உண்டு. வாய்க்கால்ல தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம். மேட்டூர்ல ஜூன் 12 அன்னிக்குத் திறந்தாங்கன்னு டிவியில பூத் தூவுறதைக் காட்டுவாங்க. எங்க பக்கத்துக்கு அது வந்து சேர எத்தனையோ நாள், வராமலே போன வருஷமும் உண்டு. வர்ற தண்ணியிலயும் மேலே இருக்கிறவங்க விட்டது எல்லாம் இருக்கும். கடைமடைக்காரனுக்கு ஒரு பழக்கம் தானா வந்துடும். யார் எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் முதல்ல 'வடிகால் எங்கே?'ன்னு கேப்பான்.

அதையே நம்ம ஃப்ளோ சார்ட்டைப் பார்த்துக் கேளுங்க. பெட்டி, அம்பு, பெட்டி, அம்பு. கடைசியில கீழே ஒரு சின்ன அம்பு, பக்கத்துல 'கழிவு'ன்னு எழுதி, எந்தப் பெட்டிக்கும் போகாம காகித ஓரத்துல நிக்கும். அந்த அம்புக்குக் கீழே யாரோ குடியிருக்காங்க.

கந்தக அமில முறையில அந்த அம்பு எவ்வளவு பருமன்? 80 கிராம் பொடி இறங்கும்போது நீராற்பகுப்புல மட்டும் 98 கிராம் கந்தக அமிலம் விடுபடும். ஏற்கெனவே கரைசல்ல தனியா இருக்கிற அமிலத்தையும் சேர்த்தா, 1 கிலோ பொடிக்கு ஏறக்குறைய 2 கிலோ அமிலம். அது அடர் அமிலமா வந்தா யாராவது வாங்கிக்குவாங்க. வர்றதோ 20, 25 சதவீதம், அதுவும் இரும்பும் மத்த உலோகங்களும் கலந்து. சரி, சுண்ணாம்புக்கல் போட்டு நடுநிலை ஆக்கலாமா? ஆக்கலாம். 2 கிலோ அமிலத்துக்கு 2 கிலோ சுண்ணாம்புக்கல், கிடைக்கிறது மூன்றரை கிலோ ஜிப்சம். அன்னபேதி வேற: சுத்தமான இல்மனைட்டுன்னு வச்சுக்கிட்டா 1 கிலோ பொடிக்கு மூன்றரை கிலோ வரை. நம்ம கரை மணல்ல மழையும் வெயிலும் ஏற்கெனவே கொஞ்சம் இரும்பைக் கழுவிட்டுப் போயிட்டதால இது குறையும். மணவாளக்குறிச்சி இல்மனைட்ல டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 55 சதவீதம், சவறாவுல சுமார் 60. புத்தகத்துல இருக்கிற சுத்தமான இல்மனைட்டுக்கோ 53 கூட வராது. ஆனாலும் கூட்டிப் பாருங்க: பொடியைவிடப் பல மடங்கு, பொடி இல்லாத எல்லாம். அப்படின்னா இதை வெள்ளைப் பொடித் தொழிற்சாலைன்னு சொல்றதா, ஜிப்சமும் அன்னபேதியும் செய்யுற தொழிற்சாலைன்னு சொல்றதா?

இந்தக் கேள்வியைக் கேட்காம விட்ட இடங்கள்ல கடல் பதில் சொல்லியிருக்கு. கொச்சுவேளியில அமிலக் கழிவு பல பத்தாண்டுகளா கடலுக்குள்ளேயே போச்சு. வேளிக் கரை மீனவர்களோட புகார் கேரளச் செய்திகள்ல பழகிப்போன ஒண்ணு. இத்தாலியில ஸ்கார்லினோ என்ற ஊர்ல ஒரு ஆலை, டைட்டானியம் கழிவைக் கப்பல்ல ஏத்தி கோர்சிகா தீவுக்குப் பக்கத்துக் கடல்ல கொட்டுச்சு. அங்கே அதுக்கு 'செஞ்சேறு'ன்னு பேர். 1972ல இருந்து தீவே எழுந்து நின்னுச்சு. 1973ல கழிவு கொண்டு போற கப்பல்லயே குண்டு வச்சாங்க. கடைசியா 1978ல ஐரோப்பிய சமூகம் டைட்டானியம் டை ஆக்சைடு கழிவுக்காகவே தனியா ஒரு சட்டக் கட்டளை போட்டுச்சு. ஒரே ஒரு வெள்ளைப் பொடிக்காக! நம்ம மெட்டீரியல் சயின்ஸ் பாடத்துல அனடேஸோட லாட்டிஸ் அளவு நாலு தசமம் வரைக்கும் இருக்கு. இந்தச் சட்டம் ஒரு வரிகூட இல்லை.

'எங்க பக்கம் அந்த மாதிரி ஆலை வராதுல்ல'ன்னு டெல்டா நண்பர்கள் சொல்லலாம். 2020ல காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா சட்டம் போட்டு அறிவிச்சாங்க. தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, புதுசா எண்ணெய் எரிவாயு எடுக்கிறது இதெல்லாம் கூடாது. ரொம்ப நல்லது, போராடி வாங்கினது. ஆனா திருக்கடையூர்ல புதுசா எழும்புற ஒவ்வொரு லாட்ஜுக்கும் வெள்ளை பெயிண்ட் அடிக்கத்தான் போறோம். அந்த வெள்ளைக்கான கழிவு வாய்க்கால் நம்ம வயலுக்கு வரலை, அவ்வளவுதான். வேற யாரோட வயலுக்கோ கடலுக்கோ போகுது. 'எங்க ஊருக்கு வேண்டாம்'னு சொல்ற உரிமை நமக்கு இருக்கு. 'அப்ப எப்படிச் செய்யணும்'னு யோசிக்கிற கடமை இன்ஜினியரிங் படிக்கிற நமக்குக் கூடவே வருது.

இப்ப அந்தக் கடைசி ஸ்லைடு, 'திருப்பூருக்குத் தீர்வு'. இது எனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். திருப்பூர் சாயத் தண்ணி நொய்யல்ல விழுந்துச்சு, நொய்யல் காவிரியில சேருது, காவிரி எங்ககிட்ட வருது. ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குன்னு கட்டினாங்க, அது சாயக் கழிவுத் தொட்டியா மாறிப்போச்சு. 2011ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. அங்கே விவசாயியைக் கொன்னது நிறம் இல்லை, உப்பு. துணிக்குச் சாயம் ஏத்தக் கொட்டுற உப்பு, தண்ணியில கரைஞ்சு மண்ணுல ஏறுச்சு. டைட்டானியம் டை ஆக்சைடால நிறத்தை உடைக்க முடியும். உப்பை ஒண்ணும் பண்ண முடியாது. நாம சோதிக்கிற மெத்திலீன் ப்ளூவும் திருப்பூர்ல பருத்தித் துணிக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் இல்லை.

வெளிச்சமும் ஒரு பிரச்சினை. ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972ல டைட்டானியம் டை ஆக்சைடு மேல ஒளி பட்டுத் தண்ணி பிரியுறதைக் காட்டினாங்க, அதுல இருந்து தொடங்கினதுதான் இந்த அலை. ஆனா அனடேஸுக்கு 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி வேணும். வெயில்ல அந்தப் புற ஊதாப் பங்கு அஞ்சு சதவீதம் போல. எங்க ஊர் அபிராமி அமாவாசை ராத்திரியில முழு நிலவு காட்டினதா ஐதீகம். பட்டருக்குக் கிடைச்ச அந்தச் சலுகை நம்ம போட்டோகேட்டலிஸ்டுக்குக் கிடையாது. ராத்திரியில அது வெறும் வெள்ளைப் பொடி. பகல்லயும், கலங்கின கழிவுத் தண்ணிக்குள்ள ஒளி எவ்வளவு ஆழம் போகும்? வேலை முடிஞ்சதும் அந்த நானோ துகளைத் தண்ணியில இருந்து எப்படி எடுப்பீங்க? அதுவும் கடைமடைக்குத்தான் வரும்.

இவ்வளவு சொல்லிட்டு 'அதனால டைட்டானியம் ப்ராஜெக்ட்டே பண்ணாதீங்க'ன்னு சொல்ல வரலை. பண்ணுங்க, ஆனா இப்படிப் பண்ணுங்க. பாட்டில் வேண்டாம். டைட்டானைல் சல்பேட் கரைசல் வாங்குங்க, இல்லைன்னா இல்மனைட்ல இருந்தே தொடங்குங்க. தரங்கம்பாடி கரையில அலை திரும்புற இடத்துல கறுப்பா ஒரு கோடு விழும், பார்த்திருப்பீங்க. அதுல காந்தத்தைக் காட்டினா ஒட்டுறது பெரும்பாலும் மேக்னடைட், இல்மனைட்டுக்கு ஈர்ப்பு கம்மி. காந்தத்தோட நிறுத்திக்குங்க, சாக்கை எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. இல்மனைட் அணுசக்திக் கனிமங்கள் பட்டியல்ல இருக்கு, தாது மணல் எடுக்கிறதுக்கு 2013ல இருந்தே தமிழ்நாட்டுல தடை. மணவாளக்குறிச்சியில பொதுத்துறை ஐ.ஆர்.இ.எல். இருக்கு, காலேஜ் மூலமா முறையா மாதிரி கேட்டு எழுதுங்க.

கரைசலை ரெண்டு பீக்கர்ல எடுத்து, ஒண்ணுல விதை போட்டு, ஒண்ணுல போடாம, ஒரே நேரம் கொதிக்க வைங்க. ஃப்யூம் ஹூட் கட்டாயம், கண்ணாடி கட்டாயம், சூடான கந்தக அமிலத்தோட விளையாட்டு வேண்டாம். எது சீக்கிரம் வடியுது, எது பேப்பரை அடைக்குதுன்னு ஸ்டாப் வாட்ச் வச்சுப் பாருங்க. எஸ்.இ.எம். படத்துக்கு வரிசையில நின்னு காசு கட்டுறதுக்கு முன்னாடி, வடிகட்டுற நேரமே துகளைப் பத்திப் பாதிக் கதை சொல்லிடும். வெள்ளையில மஞ்சள் தட்டினா ஊதாக் காவலாளி எங்கே போனான்னு தேடுங்க.

அப்புறம் வடிநீர். இதுதான் நிஜமான ப்ராஜெக்ட்டுன்னு நினைக்கிறேன். அமிலத்தை டைட்ரேட் பண்ணுங்க. இரும்பைக் குளிர வச்சு எடுங்க. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்துல டி.சி.டபிள்யூ. ஆலை, இல்மனைட்ல இருந்து இரும்பைக் கரைச்சு எடுத்து செயற்கை ரூட்டைல் செய்யுது. அதுல கழிவா போன இரும்புக் கரைசல்ல இருந்தே இரும்பு ஆக்சைடு நிறமி எடுக்க ஒரு பிரிவு தொடங்கினாங்க. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலம், நம்ம கேஸுல கந்தக அமிலம். முறை வேற, கேள்வி ஒண்ணுதான். அன்னபேதியைச் சுண்ணாம்பு மிகுந்த நிலத்துல இலை வெளுத்த பயிருக்குக் கரைச்சுத் தெளிக்கிறாங்க. ஜிப்சத்தைக் களர் நிலத்துக்குப் போடுறாங்க. அப்ப நம்ம கழிவையும் வயலுக்குக் கொடுத்துடலாமான்னு ஆசை வரும். அவசரப்படக் கூடாது. தண்ணி தேங்கி நிக்கிற நெல் வயல்ல காத்து இல்லாம இரும்பு ஏற்கெனவே கரைஞ்சு கிடக்கும், சில இடத்துல அதுவே நஞ்சாகிப் பயிர் பழுப்பேறும். அங்கே இன்னும் இரும்பு போட்டா அது மருந்து இல்லை. மணல்ல இருந்து வந்த குரோமியமும் வனேடியமும் அந்த அன்னபேதியிலயும் ஜிப்சத்திலயும் எவ்வளவு இருக்குன்னு அளக்காம ஒரு பிடி கூட வயலுக்குப் போகக் கூடாது. அக்ரி காலேஜ்ல படிக்கிற ஃப்ரெண்டைக் கூட்டு சேர்த்துக்குங்க, நமக்குத் தெரியாத மண்ணு அவங்களுக்குத் தெரியும்.

எக்ஸ்டர்னல் 'இதுல புதுமை என்ன?'ன்னு கேட்டா, டேபிளைக் காட்டுங்க: உள்ளே போனது எவ்வளவு, பொடியா வந்தது எவ்வளவு, மத்தது எங்கே இருக்கு. நிறை கணக்கு முழுசா டேலி ஆன ஒரு டைட்டானியம் ப்ராஜெக்ட்டை எந்த டிபார்ட்மென்ட் லைப்ரரியிலயும் நான் இன்னும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஏற்கெனவே டைட்டானியம் ப்ராஜெக்ட் எடுத்துட்ட டீம்கள் கவனத்துக்கு: ரிவ்யூவுக்கு இன்னும் நாள் இருக்கு. வடிநீரைச் சிங்க்ல ஊத்தாம ஒரு கேன்ல சேர்த்து வைங்க. அதோட கொள்ளளவு, டைட்ரேஷன் ரீடிங், பொடியோட எடை, இந்த மூணை மட்டும் இதழ் மெயிலுக்கு அனுப்புங்க. டீம் பேர் போட வேண்டாம்னா போட மாட்டோம். பத்து டீம் அனுப்பினா அடுத்த இதழ்ல ஒரு பக்கம் டேபிளாவே போடுவோம்.